கூரையை அளப்பதற்கு முன் மின்கட்டணத்தைப் படிக்க வேண்டும்: தமிழ்நாட்டு வீடுகளில் சூரிய மின்சாரம்

வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்த நினைப்பவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் போடலாம்?" என்பதுதான். பொருத்தித் தரும் நிறுவனத்திலிருந்து வருபவர் மாடியை அளந்து ஒரு விடை சொல்வார். மத்திய அரசின் மானியத்தைப் பற்றிப் படித்தவர், உச்ச மானியம் 3 கிலோவாட்டுக்குக் கிடைப்பதால் 3 கிலோவாட் என்பார். ஏற்கெனவே பொருத்திய உறவினர் தம் வீட்டில் இருப்பதையே பரிந்துரைப்பார். இவர்களில் யாரும் அந்த வீட்டின் கடந்த ஆறு மின்கட்டணப் பட்டியல்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டுச் சூரிய மின்சாரம் லாபமா இல்லையா என்பதை வெயிலைவிடவும் தகட்டின் தரத்தைவிடவும் அதிகமாக நிர்ணயிப்பது அந்தப் பட்டியல்தான். ஒரே தெருவில், ஒரே அளவிலான அமைப்பைப் பொருத்திய இரண்டு வீடுகளில், ஒன்று மூன்று ஆண்டுகளில் போட்ட பணத்தை எடுத்துவிடுவதும் மற்றொன்று பத்து ஆண்டுகள் காத்திருப்பதும் இங்கே இயல்பாக நடக்கக்கூடியவை.

இதைப் புரிந்துகொள்ள, வீட்டுச் சூரிய மின்சாரம் நம்மிடம் எந்த வழியாக வந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது. 2012, 2013 ஆண்டுகளின் மின்வெட்டை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, சோலார் என்ற சொல் இன்றும் மின்வெட்டுக்கு மாற்று என்ற பொருளையே தருகிறது. மாவட்டங்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாத அந்த நாட்களில் வீடுதோறும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் நுழைந்தன. மின்சாரமே வராதபோது பேட்டரியை எதைக் கொண்டு ஏற்றுவது என்ற கேள்வியிலிருந்துதான் பலருடைய மாடிக்கு முதல் தகடு ஏறியது. அதற்குச் சற்று முன்பு, 2011-12-இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரியசக்தியுடன் கூடிய பசுமை வீடு திட்டம், ஆண்டுக்கு 60,000 என்ற கணக்கில், 300 சதுர அடியில் கட்டிய வீடுகளுக்கு ஐந்து சூரிய விளக்குகளைக் கொடுத்தது. இந்த இரண்டு வடிவங்களிலும் தகடு, பேட்டரி, விளக்கு ஆகியவை வீட்டுக்குள்ளேயே முடிந்துபோகும் ஒரு தனி உலகமாக இருந்தன. மின்வாரியத்தின் கம்பிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இன்று மானியத்துடன் பொருத்தப்படுவது அடிப்படையிலேயே வேறொன்று. இதில் பெரும்பாலும் பேட்டரி கிடையாது. தகட்டிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றி, வீட்டின் மின்பலகையிலேயே, மின்வாரியத்தின் மின்சாரத்தோடு கலந்துவிடுகிறது. பகலில் வீட்டுக்குத் தேவைப்படுவதை வீடு எடுத்துக்கொள்ளும். மீதி, கம்பி வழியாக வெளியே சென்று அடுத்த வீட்டின் மிக்சியையோ எதிர்க்கடையின் குளிர்பெட்டியையோ ஓட்டும். இரவில் நாம் வழக்கம்போல மின்வாரியத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறோம். வெளியே போனதையும் உள்ளே வந்ததையும் தனித்தனியே பதிவுசெய்யும் இருவழி மீட்டர் ஒன்று வைக்கப்பட்டு, வந்ததிலிருந்து போனதைக் கழித்து மீதிக்கு மட்டும் கட்டணம் போடப்படுகிறது. இதைத்தான் நெட் மீட்டர் முறை என்கிறார்கள்.

இந்த மாற்றத்தைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதால் ஏற்படும் ஏமாற்றம் பெரிது. தெருவில் மின்சாரம் போனால், நடுப்பகல் வெயிலில் தகடுகள் தகதகத்துக்கொண்டிருந்தாலும், இந்த அமைப்பும் நின்றுபோகும். இது பழுது அன்று. இன்வெர்ட்டர் தன் மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் மின்வாரியக் கம்பியைப் பார்த்துத்தான் அமைத்துக்கொள்கிறது. அந்த வழிகாட்டி மறைந்த உடனே தன்னை நிறுத்திக்கொள்ளும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அப்படி நிற்காவிட்டால், மின்கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் ஊழியர், மின்மாற்றியை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் தொடும் கம்பியில் நம் மாடியின் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் உயிரைக் காப்பதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. மின்வெட்டுக்காகவே சோலார் வேண்டும் என்பவர், பேட்டரியும், மின்வாரியக் கம்பியோடும் பேட்டரியோடும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் கேட்டு வாங்க வேண்டும். அதன் விலை வேறு, கணக்கும் வேறு. கட்டணத்தைக் குறைக்க விரும்புபவருக்கும் மின்வெட்டைச் சமாளிக்க விரும்புபவருக்கும் ஒரே பொருளை விற்பதுதான் இத்துறையில் நான் காணும் முதன்மையான குறை.

இனிக் கட்டணக் கணக்குக்கு வருவோம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலைக்குப் பின் வீட்டு நுகர்வோர் செலுத்தும் விலையைப் பார்த்தால், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70 ரூபாய், 500 வரை 6.30 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் 600 வரை 8.40 ரூபாய், 800 வரை 9.45 ரூபாய், 1,000 வரை 10.50 ரூபாய், அதற்கு மேல் 11.55 ரூபாய். இதில் பலர் கவனிக்காத ஒரு படி உண்டு. 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் 2.35-க்குப் பதிலாக 4.70 ரூபாய் ஆகிவிடுகிறது. ஆகவே 501-ஆவது யூனிட் ஒன்று மட்டுமே கட்டணத்தில் ஏறத்தாழ 240 ரூபாயைக் கூட்டிவிடும்.

நெட் மீட்டர் முறையில் சூரிய மின்சாரம் இந்தக் கட்டணப் படிக்கட்டின் உச்சியிலிருந்துதான் கழிக்கத் தொடங்குகிறது. இதுவே எல்லாவற்றுக்கும் மையமான செய்தி. தமிழ்நாட்டு வெயிலில் நிழலில்லாத ஒரு கிலோவாட் தகடு, ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு 4 யூனிட் வரை தரும் என்று கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். இரண்டு மாதத்தில் 700 யூனிட் செலவிடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்: ஒரு குளிரூட்டி, ஒரு குளிர்பதனப்பெட்டி, தண்ணீர் மோட்டார், நான்கைந்து மின்விசிறிகள். அந்த வீடு இப்போது கட்டுவது 3,825 ரூபாய். ஒரு கிலோவாட் பொருத்தினால் நிகரப் பயன்பாடு 460 யூனிட்டாகக் குறைந்து, கட்டணம் 1,553 ரூபாய்க்கு இறங்கும். மிச்சம் 2,272 ரூபாய். இரண்டாவது கிலோவாட்டைச் சேர்த்தால் நிகரம் 220 யூனிட், கட்டணம் 329 ரூபாய். இந்த இரண்டாவது கிலோவாட் தந்த கூடுதல் மிச்சம் 1,224 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டையும் சேர்த்தால் கட்டணம் பூஜ்யமாகும். ஆனால் அது மிச்சப்படுத்துவது அந்த 329 ரூபாயை மட்டுமே. ஒரே விலை கொடுத்து வாங்கும் மூன்று கிலோவாட்டுகளில் முதலாவது தருவதில் ஏழில் ஒரு பங்கைத்தான் மூன்றாவது தருகிறது. மானியமும் மூன்றாவது கிலோவாட்டுக்குக் குறைவு. இந்த வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். கட்டணம் பூஜ்யமாக வேண்டும் என்ற ஆசைக்கு இங்கே கொடுக்கும் விலை அதிகம். (இக்கணக்கில் மின்வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்துவதற்கான வலையமைப்புக் கட்டணம் போன்ற பிடித்தங்களைச் சேர்க்கவில்லை, படிக்கட்டின் தன்மையைக் காட்டுவதற்கான கணக்கு இது.)

இதே அளவுகோலை மற்ற இரண்டு வீடுகளின் மேல் வைத்துப் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவிடும் வீடு கட்டுவது 705 ரூபாய். ஒரு கிலோவாட் பொருத்தினால் அது முழுவதும் நீங்கும். ஆண்டுக்கு 4,230 ரூபாய் மிச்சம். மானியம் போகக் கையிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போட்டால் அது திரும்பிவரப் பத்தாண்டு ஆகும். இரண்டு குளிரூட்டிகள் ஓடி 1,200 யூனிட் செலவாகும் வீட்டிலோ கட்டணம் 9,180 ரூபாய். 3 கிலோவாட் பொருத்தினால் அது 1,679 ரூபாய்க்கு இறங்கும். ஆண்டுக்கு 45,000 ரூபாய் மிச்சமாகிறது. மானியம் போக மீதிச் செலவு மூன்று ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். வெயில் ஒன்று, தகடு ஒன்று, வேலை செய்பவர்கூட ஒருவரே. கட்டணப் படியில் அந்த வீடு நிற்கும் இடம்தான் வேறு.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய மின்விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா மோட்டார் கொண்ட) மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். ஐந்து மின்விசிறிகள் நாளொன்றுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில் அவற்றை மாற்றினால் இரண்டு மாதத்தில் 200 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். அது ஒரு கிலோவாட் சூரிய அமைப்பின் விளைச்சலுக்குச் சற்றுதான் குறைவு. ஐந்து மின்விசிறிகளின் விலையோ, மானியம் போக ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் செலவில் பாதிக்கும் குறைவு. 600 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டார், தகட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டுக்குள்ளே தலையை நிமிர்த்திக் கூரையின் உட்புறத்தைப் பார்ப்பது நல்லது.

இந்தப் படிக்கட்டுக் கணக்கு தனி வீட்டின் கேள்விக்கு மட்டுமல்லாமல் மாநிலத்தின் கேள்வி ஒன்றுக்கும் விடை தருகிறது. கமுதியில் 2016-இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையத்தைக் கண்ட மாநிலம் இது. காற்றாலையிலும் பெரும் சூரிய நிலையங்களிலும் நாட்டின் முன்வரிசையில் நிற்பது. ஆனால் வீட்டுக் கூரைகளில் குஜராத்தும் மகாராஷ்டிரமும் கேரளமும் நம்மை முந்திச் சென்றிருக்கின்றன. நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று இதற்குக் காரணம் சொல்லுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நூறு யூனிட் இலவசமும், 500 யூனிட்டுக்குள் மலிவான விலையும் இருக்கும் இடத்தில், நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று லட்சக்கணக்கில் மாடியில் முதலிடாமல் இருப்பது விவரமான முடிவே. அந்தச் சலுகை ஏழை வீட்டின் விளக்கை எரியவைக்கிறது. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் பக்க விளைவாக, சூரிய மின்சாரத்தின் பயன் குளிரூட்டி வைத்திருக்கும் வீடுகளிடம் போய்ச் சேருகிறது. மானியமும் அவர்களையே பின்தொடர்கிறது. கொள்கை வகுப்போர் நேர்மையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

மானியத்தின் அமைப்பையும் இவ்விடத்தில் சொல்லிவிடலாம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எவ்வளவு பொருத்தினாலும் மொத்தம் 78,000 ரூபாய்தான். அரசு ஒரு கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்று வைத்த அடிப்படை விலையில் 60 விழுக்காடு என்று இந்த 30,000 கணக்கிடப்பட்டது; சந்தை விலை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. மானியம் பெற வேண்டுமானால் உள்நாட்டிலேயே தயாரான செல்களை (வெயிலை மின்சாரமாக்கும் சிறு பகுதிகளை) கொண்ட தகடு கட்டாயம். இறக்குமதிச் செல் கொண்ட தகடு மலிவாகக் கிடைத்தாலும் மானியம் கிடைக்காது. விண்ணப்பம் தேசியத் தளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு செய்யப்படுகிறது. பதிவு பெற்ற நிறுவனம் பொருத்தித் தந்து, மின்வாரியம் ஆய்வு செய்து இருவழி மீட்டர் வைத்த பின், மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது. 10 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்குத் தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு வேண்டியதில்லை என்று 2024-இல் மத்திய விதி திருத்தப்பட்டது. 2025 செப்டம்பரில் சூரிய மின் சாதனங்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்ததும் விலையைச் சற்றுத் தணித்திருக்கிறது.

பட்டியலைப் படித்து அளவை முடிவு செய்த பிறகுதான் மாடிக்கு ஏற வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி, நிழல் விழாத இடம் தேவை. தகடுகள் தெற்கு நோக்கி, அட்சரேகையை ஒட்டிய சாய்வில் அமைய வேண்டும்; கன்னியாகுமரி 8 பாகையிலும் சென்னை 13 பாகையிலும் இருப்பதால் தமிழ்நாட்டில் 10 பாகையை ஒட்டிய மென்சாய்வே போதும்; மழைநீர் தூசியை அடித்துச் செல்லவும் அது உதவும். இவை எளிய செய்திகள். நிழலின் விஷயம் அவ்வளவு எளிதன்று.

தகட்டின் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு செல்லின் மேல் நிழல் விழுந்தால் அதன் வழியே போக வேண்டிய மின்னோட்டம் முழுவதும் தடுமாறுகிறது. அந்தத் தடையைச் சுற்றிச் செல்ல ஒவ்வொரு தகட்டிலும் வழக்கமாக மூன்று டையோடுகள் வைத்திருப்பார்கள். ஆகவே கையகல நிழல்கூடத் தகட்டின் மூன்றில் ஒரு பங்கு விளைச்சலைக் கொண்டுபோய்விடக்கூடும். நம் மாடிகளில் இந்த நிழலைத் தருவது பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி. வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் தொட்டி தென்மேற்குக் கன்னி மூலையில், உயரமான மேடையில் இருக்கும். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் வெயிலை அது மறித்து, மாடியின் நடுப்பகுதியை நோக்கி நிழலை வீசுகிறது. இதைவிட முக்கியமானது, எந்த மாதத்தில் மாடியைப் பார்க்கிறோம் என்பது. சென்னையில் ஏப்ரல் இறுதியில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்து, பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் சற்றே வடக்கே நிற்கிறது. ஜூன் மாத நண்பகலில் 10 அடி உயரத் தொட்டியின் நிழல் தெற்குப் பக்கமாக இரண்டடிக்கும் குறைவாகவே விழும். அதே தொட்டி மார்கழி நண்பகலில் வடக்கே ஏழடிக்கு மேல் நிழலை நீட்டும். மாலை மூன்று மணிக்கு அது இன்னும் நீளும். ஆனி மாதத்தில் வந்து அளந்து "நிழலே இல்லை" என்று எழுதிக்கொடுத்த இடம், மார்கழியில் பாதி இருண்டு கிடக்கும். பக்கத்து மனை காலியாக இருந்தால், நாளை அங்கே இரண்டு மாடி எழும்பினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. தகட்டின் ஆயுள் 25 ஆண்டு; ஊரின் புறப்பகுதியில் ஒரு காலிமனையின் ஆயுள் அவ்வளவு இல்லை.

வெயில் கூடினால் மின்சாரம் கூடும் என்பதும் பாதி உண்மைதான். தகட்டின் திறன் 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அளக்கப்படுகிறது. சித்திரை வெயிலில் சிமெண்டுத் தளத்துக்கு மேலே செல்லின் வெப்பம் 60 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு பாகைக்கும் விளைச்சல் ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறைவதால், அக்னி நட்சத்திர நாட்களில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெப்பத்திலேயே போய்விடுகிறது. வானம் தெளிந்து காற்றும் இதமாக இருக்கும் பிப்ரவரியும் மார்ச்சும் பல வீடுகளில் நல்ல அறுவடை மாதங்களாக அமைவதற்கு இதுவே காரணம். வடகிழக்குப் பருவமழையின் போது கடலோர மாவட்டங்களில் விளைச்சல் வெகுவாகச் சரியும். மழை மாதங்களின் கட்டணத்தைப் பார்த்துப் பதறாமல், ஓராண்டு முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தகட்டைத் தாங்கும் சட்டத்தை உயர்த்தி, ஏழெட்டு அடியில் பந்தல்போல அமைக்கச் சொல்வது நம் ஊரில் பெருகியிருக்கிறது. வடகமும் மிளகாயும் காயப்போடவும் துணி உலர்த்தவும் மாலையில் உட்காரவும் பயன்படும் இடத்தை இழக்க யாருக்கும் மனம் வராது என்பதால் இது நியாயமான விருப்பமே. காற்று அடியில் புகுந்து செல்வதால் தகடு சற்றே குளிர்ந்தும் இருக்கும். ஆனால் அதே காற்று புயல் நாளில் அந்தப் பந்தலை அடியிலிருந்து தூக்கப் பார்க்கும். சென்னைக் கடற்கரைக்கு இந்தியக் கட்டுமான நெறிகள் குறிப்பிடும் அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா சென்னையிலும் 2018 நவம்பரில் கஜா டெல்டாவிலும் செய்ததை மறந்துவிட்டு, மெல்லிய இரும்புக் குழாயைச் சாதாரணத் திருகால் தளத்தில் பொருத்திவிட்டுப் போவது பொறுப்பின்மை. உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டம்தானா, தூண்கள் தளத்தின் எந்தப் பகுதியில் எப்படி நிலைநிறுத்தப்படுகின்றன, துளையிட்ட இடத்தில் மழைநீர் இறங்காமல் அடைக்கப்படுமா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்கிக்கொள்வது வீட்டாரின் உரிமை. நில இணைப்புக்கும் (எர்த்திங்) இடிதாங்கிக்கும் விலை குறைப்பதற்கு ஒருபோதும் இணங்கக் கூடாது.

பேட்டரியைப் பற்றி என் கருத்து இதுதான்: மின்வெட்டு அரிதான நகரில், நெட் மீட்டர் முறை நடப்பில் இருக்கும் வரை, வீட்டுக்குப் பெரிய பேட்டரி தேவையில்லை. பகலில் கொடுத்த யூனிட்டை இரவில் அதே மதிப்பில் திரும்பப் பெறும்போது மின்வாரியத்தின் கம்பியே நமக்குப் பேட்டரியாக இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு நிரந்தரம் என்று எண்ணிவிடக் கூடாது. 2019-இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம், வெளியே அனுப்பும் யூனிட்டுக்குத் தனியாகக் குறைந்த விலை தரும் முறைக்கு மாறியது. 2021 அக்டோபர் ஆணையில்தான் வீடுகளுக்கு நெட் மீட்டர் திரும்பி வந்தது. மின்வாரியத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நண்பகலில் மாநிலத்தின் சூரிய நிலையங்கள் எல்லாம் பொழியும்போது வரும் யூனிட்டும், மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டு விளக்கும் குளிரூட்டியும் ஓடும்போது தேவைப்படும் யூனிட்டும் ஒரே மதிப்புடையவை அல்ல. 2024 மே மாதம் மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய நாட்களில் பகல் கடந்த பிறகும் எழும் தேவையைச் சூரியன் தீர்க்காது. இடைவெளி பெருகப் பெருக, விதி மீண்டும் மாறலாம். எனவே பின்னாளில் பேட்டரி சேர்க்க இடம் தரும் இன்வெர்ட்டரை இப்போதே வாங்குவதும், தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், மாவரைக்கும் கிரைண்டர் ஆகியவற்றைப் பகலில் ஓட்டிப் பழகுவதும் எந்த விதியிலும் நட்டம் தராத ஏற்பாடுகள். தேவைக்கு மேல் அமைத்து, மீதியை விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். ஆண்டு முடிவில் மீந்து நிற்கும் யூனிட்டுக்கு நாம் கட்டணமாகக் கொடுக்கும் விலை கிடைப்பதில்லை.

சூரிய மின்சாரத்தின் ஆரவாரத்தில் பழைய சூரிய வெந்நீர்க் கலன் மறக்கப்பட்டுவிட்டது என்பது எனக்கு வருத்தமே. மின்தகடு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. வெந்நீர்க் கலன் பாதிக்கு மேல் வெப்பமாக்கித் தருகிறது. கோவை, ஓசூர், நீலகிரி போன்ற குளிர்ந்த பகுதிகளில், ஆண்டு முழுதும் 2 கிலோவாட் ஹீட்டர் ஓடும் கூட்டுக்குடும்பங்களுக்கு இதுவே முதல் முதலீடாக இருக்க வேண்டும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் குழாய்களில் படிந்து அடைக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

அந்த உப்பு மின்தகட்டுக்கும் எதிரிதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெயில் ஏறுவதற்கு முன், மென்மையான துணியாலும் நல்ல நீராலும் துடைத்தால் போதும். உப்புநீரை ஊற்றி அப்படியே காயவிட்டால் கண்ணாடியில் வெண்படலம் படிந்து, தூசியைவிட அதிகமாக வெளிச்சத்தைத் தடுக்கும். கொதிக்கும் நண்பகலில் குளிர்ந்த நீரைப் பாய்ச்சக் கூடாது. இன்வெர்ட்டரைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறை மாற்ற நேரும். அந்தச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

வாடகை வீட்டிலும் அடுக்ககத்திலும் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை இதுவரை சொன்னது பெரும்பாலும் பயன்படாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுக்ககத்தில் மாடி எல்லாருக்கும் பொது; ஒருவர் தம் மீட்டருக்கென்று அதில் இடம் கேட்பது சண்டையில் முடியும். ஆனால் மின்தூக்கி, தண்ணீர் மோட்டார், பொது விளக்கு ஆகியவற்றின் பொது இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. மின்தூக்கி உள்ள கட்டடங்களில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போகிறது. அங்கே கட்டணப் படிக்கட்டே இல்லாததால் ஒவ்வொரு யூனிட்டும் முழு விலையை மிச்சப்படுத்தும். குடியிருப்போர் சங்கங்களுக்கு மத்தியத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. சங்கக் கூட்டத்தில் எடுத்துப் பேசத் தகுந்த விஷயம் இது.

கடைசியாக, பொருத்திய பின் வரும் முதல் பட்டியலைப் பற்றி. இன்வெர்ட்டரின் செயலி இரண்டு மாதத்தில் 480 யூனிட் விளைந்தது என்று காட்டும். பட்டியலிலோ வெளியே சென்றது 300 யூனிட் என்று இருக்கும். 180 யூனிட்டை யாரோ மறைத்துவிட்டதாக எண்ணிப் பலர் மின்வாரிய அலுவலகத்துக்கு விரைகிறார்கள். மீட்டர், வீட்டின் எல்லையைக் கடந்ததை மட்டுமே அறியும். அந்த 180 யூனிட்டும் எல்லையைக் கடக்காமல் பகலிலேயே உங்கள் வீட்டுக் குளிர்பதனப்பெட்டியிலும் மின்விசிறியிலும் ஓடித் தீர்ந்துவிட்டது. அது மின்வாரியத்திடமிருந்து வாங்கப்படவில்லை என்பதால் உள்ளே வந்த கணக்கிலும் இராது. செயலி காட்டும் விளைச்சலிலிருந்து வெளியே சென்றதைக் கழித்து, மீட்டர் வழியே உள்ளே வந்ததைக் கூட்டினால், வீடு உண்மையில் செலவிட்ட மொத்த யூனிட் கிடைக்கும். அந்த எண்ணைச் சென்ற ஆண்டு இதே மாதங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது கூடியிருந்தால், "சோலார்தான் இருக்கிறதே" என்று குளிரூட்டியைக் கூடுதல் நேரம் ஓடவிட்டிருக்கிறோம் என்று பொருள்.